மண்டபம் கேம்ப் என்றொரு முகவரி

1950களிலும் 60களிலும் வெளிவந்த கடலியல் ஆய்விதழ்களைப் புரட்டினால், கட்டுரையாளர் பெயருக்குக் கீழே ஒரு முகவரி அடிக்கடி கண்ணில் படும்: மண்டபம் கேம்ப். சூரை மீன், இறால், கடற்பாசி, ஆவுளியா எனும் கடற்பசு என்று மன்னார் வளைகுடாவின் உயிர்களைப் பற்றி எழுதியவர்கள் அந்த முகவரியிலிருந்துதான் உலகத்து ஆய்வுக்கூடங்களோடு பேசினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே முகவரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் கடிதங்கள் வந்தன. இம்முறை அதைப் பெற்றவர்கள் அகதிகள். ஆய்வாளர்களுக்கும் முன்னால் அங்கே தங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் கடிதம் வந்திருக்க வழியில்லை. எழுத்தறியாத தோட்டத் தொழிலாளிகள் அவர்கள். சில நாள் தங்கவைக்கப்பட்டு, உடம்பு சோதிக்கப்பட்டு, கப்பலேற்றப்பட்டவர்கள்.

பெரிய பல்கலைக்கழகம் என்றால் வெளிநாட்டு மாணவர் விடுதி என்று ஒரு கட்டடம் இருக்கும். பல கொடிகள், பல சமையல் வாசனைகள், ஆண்டுக்கொரு பண்பாட்டு விழா, ஒரு காப்பாளர், ஒரு பதிவேடு. இராமநாதபுரம் கரையில் அப்படி ஒன்று எழுந்ததில்லை. ஆனால், கடல் தாண்டி வந்தவரை எங்கே தங்கவைப்பது, எதற்காகத் தங்கவைப்பது என்ற கேள்விக்கு இத்தனை விடைகளை முயன்று பார்த்த கரை தமிழ்நாட்டில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. சத்திரம், மதரஸா, கொரண்டைன் முகாம், ஆய்வு நிலையம், அகதி முகாம் என ஒவ்வொன்றும் ஒரு விடை. கூரை ஏறக்குறைய ஒன்றுதான். வாசலில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் கேள்விதான் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கிறது. விடுதிகளின் வரலாற்றை அந்தக் கேள்விகளின் வரலாறாக எழுதிப் பார்க்கலாம்.

ஆகப் பழைய விடை சத்திரம். காசியிலிருந்து புறப்பட்டவர் இராமேசுவரம் வந்து சேர மாதக்கணக்காகும். மொழி புரியாது, ஊர் தெரியாது, சோறும் வேறு. இப்படி வருகிறவர்களை நம்பியும் இவர்களுக்காகவும் சேது மார்க்கம் நெடுக மடங்களும் சத்திரங்களும் எழுந்தன. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் நிலம் எழுதிவைத்தார்கள். பாம்பன் தீவில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று ஊர்களே நிற்கின்றன. வழிப்போக்கர் இளைப்பாறிய இடங்கள் குடியிருப்பாகி, பிறகு பஞ்சாயத்துகளாகி, இன்றைக்குப் பேருந்து நிறுத்தங்களாக இருக்கின்றன.

தஞ்சை மராட்டியர் இந்த மார்க்கத்தின் வடபகுதியைப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் சரபோஜி 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்று உண்டு. சத்திரங்களின் நிர்வாகம் கைவிட்டுப் போகாமல் காத்துக்கொள்ளும் கவலையில் எழுதியது. இராமேசுவர யாத்திரை போகிறவர்களுக்குச் சாதி பாராமல் உணவு கிடைப்பதையும், நோயாளிக்கு மருத்துவர் இருப்பதையும், வழியில் இறந்தவர்க்கு ஈமக்கடன் செய்வதையும் அதில் அவர் சொல்கிறார். இறந்துபோன வழிப்போக்கர் விட்டுச்சென்ற பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் வைத்து வளர்ப்பதும் அங்கே வருகிறது. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தோடு சேர்ந்தே பாடசாலை நடந்தது. தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் யாத்திரிகர்களும் ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள் என்றே கொள்ளலாம். மாணவர் விடுதி என்ற ஏற்பாடு நம் நாட்டில் யாத்திரிகர் சத்திரத்தின் திண்ணையில் பிறந்தது என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம். சத்திரத்து வாசலில் கேட்ட கேள்வி எளியது: சாப்பிட்டாயிற்றா, எத்தனை நாள் இருப்பதாக உத்தேசம்? ஊர், பேர், நோக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது விடை கீழக்கரையில் கிடைத்தது. முத்தும் சங்கும் துணியும் ஏற்றிய தோணிகள் கொழும்புக்கும் காலிக்கும் போய்வந்த ஊர் அது. தைக்கா சாகிபு என்று மக்கள் அழைத்த ஷெய்கு அப்துல் காதிரின் மருமகன் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இங்கே அரூஸிய்யா மதரஸாவை நிலைநிறுத்தினார். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வேர்விட்ட இந்த அறிஞரின் சீடர்கள் கடலின் இரு கரையிலும் இருந்தார்கள். அவரும் இலங்கைக்குப் போய்வந்துகொண்டே இருந்தார். சரக்கு போன தோணியிலேயே படிப்பும் போயிற்று. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் இரு கரைக்கும் பொதுவாக இருந்ததால், கீழக்கரையில் எழுதிய நூலை இலங்கையின் தென்கோடியில் உட்கார்ந்து ஒரு பெண் வாசிக்க முடிந்தது. இந்த உலகத்தில் பாக் நீரிணையைத் தாண்டி வந்த மாணவனுக்கு வெளிநாட்டவன் என்ற எண்ணம் எழ முகாந்திரமில்லை. பாஸ்போர்ட் கேட்பாரில்லை. உஸ்தாத் கேட்டிருக்கக்கூடியது ஒன்றே: இதுவரை யாரிடம் ஓதினாய்?

எதிர்த் திசையிலிருந்து வேறொரு படிப்பும் வந்தது. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி யாழ்ப்பாணத்து இளைஞர்களை ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தமிழிலும் ஒருசேரத் தேர்ச்சி பெறவைத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது அதன் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் அந்தச் செமினரியின் மாணவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. பின்னவர்தாம் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். இன்றைய சொல்வழக்கில் சொன்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளே சர்வதேச மாணவர்கள். அன்றைக்கு அப்படிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தபின் இந்தப் போக்குவரவு இன்னும் பெருகியது. அதன் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் பொறுப்பேற்றவர் மட்டக்களப்பின் விபுலானந்தர். 1940களில் தனிநாயகம் அடிகள் அங்கே தமிழ் முதுகலை படித்தார்.

இப்படிப் போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்துக்குப் பிறகு மண்டபத்தைக் கடந்தே ஆகவேண்டியிருந்தது. 1914 பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று ஒரே டிக்கெட்டில் பயணம். போட் மெயில் என்று பேர் வாங்கியது இந்த வண்டிதான். பாலம் வந்த கையோடு மண்டபம் முகாமும் வளர்ந்தது. விசித்திரமான ஏற்பாடு அது. இந்திய மண்ணில், இலங்கை அரசாங்கம் தன் செலவில், தன் அதிகாரிகளை வைத்து நடத்திய முகாம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிவந்த ஆட்களை அங்கே நிறுத்திவைத்தார்கள். முன்பு அவர்கள் தேவிபட்டினத்துக்கோ தொண்டிக்கோ நடந்து, தோணியேறி, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியில் நடந்து, அந்த வழியிலேயே காலராவிலும் பசியிலும் செத்தார்கள். முகாம் அந்தச் சாவைக் குறைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் முகாமை எழுப்பியவர்களின் கவலை வேறு. காலராவும் பிளேக்கும் அம்மையும் தோட்டத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது, வாங்கிய உழைப்பு வீணாகிவிடக் கூடாது.

அம்மைப்பால் குத்தினார்கள். துணிமணியை வெந்நீராவியில் போட்டெடுத்தார்கள். கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். பெயர், ஊர், சாதி, தோட்டம் எழுதிக்கொண்டார்கள். ஏற்கெனவே கழுத்திலோ மடியிலோ தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை இருந்தது. ஆளைவிட அந்த வில்லையே பயணம் செய்தது என்று சொல்லலாம்: வழிச்செலவெல்லாம் அதன் கணக்கில் ஏறி, தோட்டத்தில் கடனாக இறங்கியது. இங்கே வாசலில் கேட்ட கேள்வி, உன் உடம்பில் என்ன நோய்?

போட் மெயிலின் மேல்வகுப்புப் பெட்டியில் போகும் யாழ்ப்பாணத்து மாணவர் இந்த முகாமை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலோ மாநிலக் கல்லூரியிலோ விடுதி அறை அவருக்குக் காத்திருந்தது. ஒரே கடல், ஒரே ரயில் பாதை, ஒரே மொழி. ஒருவர் தங்குவதற்கு விடுதி, மற்றவர் தங்குவதற்குக் கொரண்டைன். வெளிநாட்டு மாணவர் விடுதிகளைப் பற்றிய பெருமைப் பேச்சுகளில் இந்த இரண்டாவது கட்டடம் வருவதே இல்லை. ஆனால் முதலாவதன் வரலாறு அதைச் சேர்க்காமல் நிறைவடையாது என்றே நினைக்கிறேன்.

உலகின் பிற இடங்களிலும் இந்த உறவு மறைவாக இருக்கிறது. நியூயார்க்கில் 1924இல் திறந்த இன்டர்நேஷனல் ஹவுஸ், பாரிஸில் 1925இல் முதல் கட்டடம் கண்ட சித்தே யூனிவர்சிட்டேர் இரண்டும் முதல் உலகப் போருக்குப் பிறகு, பல நாட்டு இளைஞர்கள் ஒரே மேசையில் சாப்பிட்டால் அடுத்த போர் வராது என்ற நம்பிக்கையில் எழுந்தவை. அடுத்த போர் வந்தது. பாரிஸ் விடுதிகளில் ஜெர்மன் படை வந்து தங்கியது. லண்டனில் இதே கதை தலைகீழாக நடந்தது. போர்வீரர்கள் தங்குவதற்காக ஒய்.எம்.சி.ஏ. எழுப்பிய ஷேக்ஸ்பியர் குடில் என்ற மரக்கட்டடம், போர் முடிந்தபின் இந்திய மாணவர்களின் தங்குமிடம் ஆனது. அந்த இந்திய மாணவர் விடுதி 1920இல் உருவாகக் காரணமாக நின்றவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால், ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலர். லண்டனில் நிறத்தைப் பார்த்து அறை இல்லை என்று சொன்ன வீட்டுக்காரிகளின் கதவுகளுக்கு எதிராக அவர் திறந்த கதவு அது. பின்னர் கவர் தெருவுக்குப் போன அந்த விடுதி 1940இல் குண்டுவீச்சில் சிதைந்தது. 1950களின் தொடக்கத்தில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் மறுபடி எழுந்தது. படைவீடு விடுதியாவதும் விடுதி படைவீடாவதும் ஆட்சியாளர் கையில் ஒரு கையெழுத்தின் வேலை.

மண்டபத்திலும் அந்தக் கையெழுத்து விழுந்தது. 1939 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடுத்தது. முகாமின் மூல நோக்கம் அன்றோடு முடிந்தது. 1947 பிப்ரவரி 3ஆம் தேதி தொடங்கிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1949இல் சென்னையிலிருந்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே பக்கத்துக் குருசடைத் தீவு உயிரியல் மாணவர்களுக்குப் பரிச்சயமானதுதான். 1927இல் சென்னை அருங்காட்சியகம் அதன் கரையோர உயிர்களைப் பட்டியலிட்டு நூல் வெளியிட்டது. கல்லூரி கல்லூரியாகப் பிள்ளைகள் வந்து, இடுப்பளவு நீரில் இறங்கி, நட்சத்திர மீனையும் கடலட்டையையும் கையில் ஏந்திப் பார்த்துப் போனார்கள். ஆராய்ச்சி நிலையம் வந்தபின் இது பருவகால வருகையாக இல்லாமல் நிரந்தர வாசமாயிற்று. வங்காளத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் இளைஞர்கள் வந்து உடைமரக் காட்டுக்கும் உப்புக் காற்றுக்கும் நடுவே தங்கி ஆய்வு செய்தார்கள்.

நிலையத்தின் தலைவராக இருந்த எஸ். ஜோன்ஸ் காலத்தில் ஒரு ஜோடி ஆவுளியாவை அங்கே ஆண்டுக்கணக்கில் பிடித்துவைத்து வளர்த்தார்கள். 1958இல் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் அங்கிருந்தே தொடங்கியது. 1962 ஜனவரியில் சூரை, சீலா, அயிலை வகை மீன்களைப் பற்றிய கருத்தரங்கு மண்டபம் கேம்ப்பில் கூடி, பல நாட்டு ஆய்வுகளை ஒரே தொகுதியாக்கியது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இந்தியக் கடலியலின் தலைநகரம் இந்தச் சின்னஞ்சிறு ரயில் நிலையம்தான். ஒரு தலைமுறைக்கு முன் உடம்பைச் சோதித்து ஆட்களைக் கடத்திவிட்ட அதே முகவரியில் இப்போது கேட்ட கேள்வி: நீ எதைத் தேடி வந்தாய்? ஒருவன் கேட்க விரும்பும் கேள்விகளில் இதைவிட மேலானது இல்லை.

இந்தக் கேள்வி நீடித்திருக்கலாம். ஆனால் கடல் வேறு ஆட்களை அனுப்பியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு, மீதியைப் பின்னால் பார்த்துக்கொள்வது என்று பிரித்தார்கள். எந்த முகாம் வழியாகத் தாத்தா போனாரோ அதே மண்டபம் வழியாகப் பேரன் வந்தான். அந்த டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால், கப்பல் இப்போது இராமேசுவரத்துக்கு வந்தது. தாயகம் திரும்பியோர் என்று அரசு பெயரிட்டது. பிறந்து வளர்ந்த தாயகத்தை விட்டு வந்தவர்களுக்கு அந்தப் பெயர். கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலைத் தோட்டத்தில் இறக்கிவிட்டபின் ஊரார் அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள்.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்குக் கப்பலும் இல்லை. இரவில் படகு, அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிடுதல், விடிந்ததும் கடற்படையோ மீனவரோ கண்டு கரைசேர்த்தல், பிறகு மண்டபம். 1990இல், 95இல், 2006இல் அலை அலையாக வந்தார்கள். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது பால்மா வாங்க வழியில்லாமல் வந்த குடும்பங்களும் இதே முகாமில்தான் இறங்கின. பதிவு என்பது முகாமில் ஒரு முழு வாழ்க்கையின் பெயர். முகாம் பதிவா, வெளிப்பதிவா என்பதுதான் ஒருவர் இன்னார் என்பதற்கு முதல் அடையாளம். பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று தலைமுறை. அந்த அறையில் ஒரு பெண்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்குப் படிக்கிறாள்.

நம் கேள்வியின் கூர்மையான இடம் இவளிடம்தான் இருக்கிறது. பல்கலைக்கழகக் கணக்கில் இவள் யார்? வெளிநாட்டு மாணவருக்குப் பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், அயல்நாட்டுப் பணத்தில் கட்டணம் வேண்டும். இவளிடம் அவை இல்லை. உள்நாட்டு மாணவருக்குக் குடியுரிமை வேண்டும். அதுவும் இல்லை. அகதி என்றால், 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால், நம் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்கவேண்டும். ஆகவே ஒரே முகாமில் பிறந்த அக்காள் சட்டப்படி இந்தியர், தங்கை அல்லர் என்ற நிலை உண்டு. அக்காள்மடமும் தங்கச்சிமடமும் அடுத்தடுத்த ஊர்களாக இருக்கும் தீவுக்கு எதிரே இப்படி ஒரு கோடு.

1980களில் தமிழ்நாட்டு அரசு அகதி மாணவர்களுக்குக் கல்லூரிகளில் இடம் ஒதுக்கியது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் அந்தச் சலுகைகள் நின்றன. ஒரு கொலையின் தண்டனையைப் பள்ளியிறுதித் தேர்வு எழுதிய பிள்ளைகள் அனுபவித்தார்கள். பின்னால் சில திரும்பிவந்தன, எல்லாம் வரவில்லை. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்றவை முகாமுக்குள் மாலை வகுப்பு நடத்தி, விண்ணப்பம் நிரப்பி, கட்டணம் திரட்டி ஒரு தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கின. 2021இல் தமிழ்நாட்டு அரசு அகதி முகாம்களை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்க முடிவுசெய்தது. வீடுகளுக்கும் கல்விக்கும் நிதி ஒதுக்கியது. நல்ல காரியம். ஆனால் பட்டம் வாங்கிய கையில் வேலைக்கு நீட்ட வேண்டிய அடையாளத்தாள் ஒன்றிய அரசின் வசம் இருக்கிறது.

விடுதிக்கும் முகாமுக்கும் வேறுபாடு எங்கே? இரண்டிலும் காப்பாளர் உண்டு, வாயிற்கதவு உண்டு, நேரக்கட்டுப்பாடு உண்டு, பேர் கூப்பிடுவது உண்டு. சாப்பாடு இரண்டிலும் சுமார்தான். வேறுபாடு காலத்தில் இருக்கிறது. விடுதியில் தங்குபவருக்கு வெளியேறும் நாள் தெரியும். அந்த நாளை அவர் படிப்பே கொண்டுவருகிறது. அவர் உழைக்க உழைக்க விடுதி அவரை விட்டுவிடத் தயாராகிறது. முகாமில் எவ்வளவு படித்தாலும் அந்த நாள் ஓர் அங்குலம்கூட அருகில் வருவதில்லை. ஐந்தாம் வகுப்பில் இருந்த பதிவு எண்தான் முதுகலை முடித்தபின்னும். சத்திரத்தின் அடிப்படை விதியும் இதுவே: தங்குபவரே புறப்படும் நேரத்தை முடிவுசெய்வார். மண்டபத்தில் கொரண்டைன் நடந்தபோதுகூடச் சில நாளில் கதவு திறந்தது. அது திறந்தது கடனுக்குள் என்றாலும் திறந்தது. நாற்பதாண்டு முகாமைப் பற்றி அதையும் சொல்ல முடியவில்லை.

இந்தியாவில் வந்து படியுங்கள் என்று 2018 முதல் ஒன்றிய அரசு உலகத்து இளைஞர்களை அழைக்கிறது. அழைக்கட்டும். கூடவே ஒன்று செய்யலாம். இதே மாவட்டத்தில் தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இன்னும் இயங்குகிறது. எதிர்க்கரையில் 1974இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நடுவே கிடக்கும் பாக் நீரிணையில் இழுவைமடிப் படகுகளுக்காகவும் எல்லைக்கோட்டுக்காகவும் இரு கரை மீனவர்களும் மோதுகிறார்கள், சிறைப்படுகிறார்கள், சாகிறார்கள். அந்தக் கடலின் அடித்தளம் எப்படிச் சுரண்டப்பட்டது, மீண்டும் மீன் பெருக எத்தனை காலம் பிடிக்கும் என்பதை யாழ்ப்பாணத்து மாணவரும் இராமேசுவரத்து மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்கிட ஒரு விடுதி வேண்டும். நியூயார்க்கும் பாரிஸும் உலக அமைதி என்று பெரிதாகக் கண்ட கனவைவிட இது சிறியது, ஆகவே நடக்கக்கூடியது. மண்டபம் கேம்ப்பைவிட அதற்குப் பொருத்தமான முகவரி இல்லை.

அந்த விடுதியின் முதல் பத்து அறைகளில் சிலவாவது முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இருக்கவேண்டும். சலுகையாக அல்ல. இரு கரையின் பேச்சும், இரு நாட்டுச் சட்டமும், அந்தக் கடலின் இரவும் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். பதிவேட்டில் அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று போதும்: என்ன படிக்க வந்தாய், எத்தனை நாளில் முடிப்பாய், முடித்தபின் எங்கே போக விரும்புகிறாய்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சொல்லும் விடையை நடத்திக்காட்டும் சட்டம் நம்மிடம் இல்லாதவரை, எத்தனை வண்ணம் பூசினாலும் எந்தப் பெயர்ப்பலகை மாட்டினாலும் அது முகாம்தான்.